ஆவணப்பட நிதிக்காக அத்தானைச் சாகடித்தது

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் தலைகுனிந்து எழுதுவது. நான் நலமில்லை, இருக்கவும் கூடாது. நீங்களும் அக்காவும் நலமாக, முக்கியமாக நீங்கள் உயிரோடு, நெடுநாள் இருக்க வேண்டும்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் அன்று நடந்தது முழுதும் உங்களுக்குத் தெரியாது. லிஃப்ட் பழுது பார்க்கும் உங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க, நிதி கேட்டு அந்த அறக்கட்டளைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர் வற்றிப்போகும் ஓர் ஏரியைப் பற்றிச் சொல்லி, நடுவர்கள் எல்லோரையும் அழவைத்துவிட்டுப் போனார். என் முறை வந்ததும் தலைவியம்மா உங்கள் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா சிரிச்சிட்டு இருக்காரே, இவருக்கு என்ன பிரச்சினை?" என்றார். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அத்தான், அதுதான் என் பிரச்சினை. "போன மாசம் இறந்துட்டார்" என்றேன். எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். நானும் நின்றேன்; வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணீர்கூட வந்தது.

பிறகு எல்லோருமாக இறங்கும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. அந்தக் கட்டடம் உங்கள் கம்பெனியின் பொறுப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவைப் பிளந்துகொண்டு முதலில் உங்கள் டார்ச், பின்னால் உங்கள் முகம். தலைவியம்மா அலறியது இருட்டுக்குப் பயந்து அல்ல. நீங்களோ, "பயப்படாதீங்கம்மா, அதான் நான் இருக்கேன்ல" என்றீர்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இவர் அவரோட அண்ணன், ரெட்டைப் பிறவி" என்று அந்தம்மா காதில் ஓதினேன். நல்ல மனசு அவருக்கு. உங்கள் கையைப் பிடித்து, "உங்க தம்பி தவறினதுக்கு ரொம்ப வருத்தப்படறோம்" என்று சொல்லிவிட்டார்.

வெளியூரில் இருக்கும் உங்கள் தம்பிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்ததும், அவருக்குப் போன் போட்டதும், அவரே எடுத்ததும், "நல்லா இருக்கியாடா? நல்லாத்தான இருக்க?" என்று நீங்கள் விம்மியதும்... பிறகு என்னைப் பார்த்தீர்கள். திட்டவில்லை. கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டீர்கள். சரிசெய்த லிஃப்டில்கூட என்னோடு வர மனம் இல்லை உங்களுக்கு.

அறக்கட்டளையில் எல்லாவற்றையும் சொல்லி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இனி கேமராவைத் தொட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு, தனியாக வந்து மன்னிப்புக் கேட்கிறேன். கதவை மட்டும் திறங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. அவளை ஒரு மத்தியானம் விதவையாக்கியதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முகம் காட்டத் தகுதியில்லாத,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தலைவியம்மா கூப்பிட்டார். உயிரோடு இருப்பவரைச் சாகடித்து நிதி கேட்டவனின் கதைதான் படமாம். நீங்கள் சம்மதித்தால் பணம் உறுதியாம். ஞாயிறு காலையிலேயே வந்துவிடுகிறோம், ஒலிப்பதிவாளரும் வருகிறார். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே திட்டிவிடுங்கள் அத்தான். தயவுசெய்து உடனே மன்னித்துவிட வேண்டாம்.