டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன்

வாடகைக் கடையில் இருப்பவனுக்கு வரக்கூடாத வியாதி ஒன்று உண்டு. கடை தன்னுடையது என்று தோன்றிவிடுவது. எனக்கு அது முற்றிப்போய் வந்தது.

மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகும் தெருவில் என் மீன் ஹோட்டல். கட்டட ஓனர் வரதண்ணன். எல்லோரையும் போல எங்களுக்கும் பதினோரு மாத அக்ரிமெண்ட்தான். அதற்கு மேல் போனால் ரிஜிஸ்டர் பண்ண வேண்டும், செலவு, அலைச்சல். அதனால் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போவோம். (இப்படிப் புதுப்பித்தே பேரன் எடுத்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு.)

அந்தத் தைரியத்தில் மனைவி சபீனாவின் வளையல்களை விற்றுப் புதுச் சமையலறை கட்டினேன்.

"முதல்ல ஒம்போது வருஷத்துக்கு ரிஜிஸ்டர் பண்ணுங்க, அப்பறம் கட்டுங்க," என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"அண்ணாத்த நம்மாளு," என்றேன். எழுதிக் கேட்டால் அவர் மனசு சங்கடப்படுமாம். அவர் மனசைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை!

கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன். "ஒம்போது வருசத்துக்குப் போட்டுக்கலாமா அண்ணாத்த?"

"அதுக்கு இன்னா பாய், போட்டுக்கினா போச்சு. நாளைக்கு மருமவன் வருவான், எடத்தைக் காட்டு."

மருமகன் டேப்போடு வந்தார். பத்திரத்தில் அளவு போட வேண்டுமல்லவா! மறுமுனையை நானே பிடித்தேன். மேடைக்கு அடியில் குப்புறப் படுத்துப் பிடித்தேன். அவர் ஒரு மூலையை விட்டுவிட்டார். "தம்பி, இங்கயும் கொஞ்சம் எடம் கீது," என்று திருத்தினேன். மாஸ்டருக்கு என்ன சம்பளம், வஞ்சிரம் எந்தப் படகுக்காரரிடம் எடுக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். பத்திரம் எழுத வந்தவருக்கு வஞ்சிரம் எதற்கு என்று ஒரு கழுதைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். நான் இரண்டு துண்டு வறுத்து வைத்தேன்.

அக்ரிமெண்ட் முடிகிற வாரம் வரதண்ணன் வந்தார். "பேஜார் பண்ணாத பாய். மருமவன் இங்க ஓட்டல் போடணுங்கிறான்."

"ஒம்போது வருசம்னீங்களே அண்ணாத்த?"

"அப்ப சொன்னேன். இப்ப பொண்ணு அழுவுதே, நான் இன்னா பண்றது?"

"நான் கட்டின கிச்சன்?"

"அத்த பேத்து எடுத்துக்கினு போறியா?"

வக்கீல் என் அக்ரிமெண்ட்டைப் படித்துவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். டீக்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது சதுரங்கப்பட்டினத்தில் சின்னக் கடை. ஒன்பது வருஷம், ரிஜிஸ்டர் பண்ணியது, சபீனா பெயரில். சார்பதிவாளர் ஆபீசுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.

மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா, "வீடு அம்சமா இருக்கே," என்றபடி எழுந்தார். நானும் எழுந்தேன்.

சபீனா அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "நீங்க உக்காருங்க. நீங்க சுத்திக் காட்டினா அவங்க இங்கயே குடி வந்துடுவாங்க," என்றாள்.

சம்பந்தி வீட்டில் இன்றுவரை இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூட நானும் சிரிக்கிறேன். வயிறு மட்டும் தனியாக எரிந்துகொண்டிருக்கிறது.