எவாரிஸ்தோ இல்லத்தின் கண்காணா எடை

விக்குன்யா, புதன்கிழமை.

மலையுச்சியில் அமர்ந்து வானம் முழுவதையும் படம்பிடித்துவரும் என் தங்கை மகன் லிசாந்த்ரோவுக்கு, பள்ளி வாயிலை மிதியாமலே நூல்கள் பல கற்றுத் தேர்ந்த பெரியம்மா எர்சிலியா வரைவது. யான் நலம். நின் நலத்தையும், நீ கம்பளிச் சட்டை அணிகிறாய் என்பதையும் அறிய அவா.

நின் திருமணத்துக்கு ஓர் இடர் நேர்ந்துள்ளது. அதில் என் பிழை எதுவுமில்லை என்பதை முதற்கண் பதிவுசெய்கிறேன்.

ஞாயிறன்று மரிபெல்லைப் பெண் கேட்க அவள் இல்லம் ஏகினேன். அவள் தந்தை திருவாளர் எவாரிஸ்தோ கரியடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்.

"பையன் மலை மேல என்ன தேடுறான்?"

"கரும்பொருள். கண்ணுக்குத் தெரியாது."

"கெடச்சுதா?"

"யாருக்குமே இன்னும் கெடைக்கல."

"எங்க தேடுறான்?"

"குட்டி விண்மீன் மண்டலங்கள்ல. அதுவே மங்கலாத்தான் தெரியும்."

"நல்லாருக்கு! தெரியாததைத் தெரியாத எடத்துல தேடுறவனுக்கு என் பொண்ணைக் குடுக்கணுமாக்கும்!"

இழிசொல் பொறாது எழுந்தேன். அம்மண்டலங்களில் விண்மீன்கள் சொற்பமே. அவை ஓடும் வேகத்துக்கு என்றோ சிதறியிருக்க வேண்டும். ஒளியற்ற பெரும் எடையொன்று சூழ்ந்து நின்று அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. அதை எவரும் காண்பதில்லை, மதிப்பதுமில்லை. இந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன் என்று நான் விளக்கியபோதுதான் வினை வந்தது. ரொட்டித் தட்டுடன் வந்த அவர் மனைவி திருமதி குளோதில்தே நின்றுவிட்டார்.

"எர்சிலியாக்கா, கடைசியாச் சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"அது நான்தானே!" என்றவர், சமையல் மேலங்கியை அவிழ்த்துக் கணவர் தோளில் போட்டார். "நான் இல்லாம எம்புட்டுத் தூரம் சிதறுறீங்கன்னு பாப்போம்." கடற்கரையிலுள்ள தமக்கை வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

அன்று தொட்டு எவாரிஸ்தோ ரொட்டியைக் கருக்கி, திராட்சைக்கு நீர் பாய்ச்சும் முறையைக் கோட்டைவிட்டு, நாய்க்கு வாங்கிய பூச்சி மாத்திரையைத் தாமே விழுங்கி, நேத்து என் வாசல்ல வந்து நின்னு ஒரே கத்தல்: "உங்க பையனோட விஞ்ஞானம் என் பொண்டாட்டியைக் கொண்டுபோயிருச்சு! கல்யாணமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

ஆதலின் நீ உடனே இறங்கிவந்து, அந்த எடை விண்ணுக்கு மட்டுமே உரியது, வீடுகளுக்குப் பொருந்தாது என அவர் முன்னிலையில் சான்றளிக்க வேண்டுகிறேன். தேவமாதா நின்னைக் காக்க. வானில் மேகம் அண்டாதிருக்க.

இங்ஙனம்,
எர்சிலியா

பின்குறிப்பு: மேற்கண்ட யாவற்றையும் புறக்கணிக்கவும். குளோதில்தே சற்றுமுன் தொலைபேசியில் பேசினார். நின்னிடம் சான்று கேட்டதைச் சொன்னேன். "அவனை ஒரு எழுத்துகூட மாத்திச் சொல்ல விடாதீங்க. இத்தனை வருஷத்துல என்னைக் கண்டுபிடிச்ச மொத ஆளு அவன்தான். அறுவடை முடிஞ்சதும் கல்யாணம். அவரை நான் பாத்துக்கிறேன்." கண்டுபிடித்தவர் எவர் என்பதைத் திருத்துமுன் வைத்துவிட்டார். அதைத் திருமண விருந்தில் நீயே எழுந்து நின்று, என் முழுப் பெயருடன் அறிவிப்பாயாக.