வெள்ளைப்பலகையில் ஒரு மாத்திரை ஆராய்ச்சி

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது அரைகுறையாகப் படித்துவிட்டால் அன்றைக்கே அதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் உட்கார முடியாது, நிற்க முடியாது, சோறு இறங்காது. (இப்போதும் அப்படித்தான். மனைவி கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள்.)

அப்போது ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி ஜிம்மில் பயிற்சியாளனாக இருந்தேன். மாலையில் பெண்கள் வகுப்பு, ஐந்தே பேர். அதில் ஒருத்தி ரோஸ்லின், எனக்கு நிச்சயித்த பெண். கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை ஒரு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா?' என்று ஃபாதர் இன்னும் இரண்டு ஞாயிறு கேட்க வேண்டும். அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இருந்தேனா? கைப்பேசியில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு எடை தூக்கினாலும் தசை சரியாக வளராதாம். பாதிதான் படித்தேன். 'ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன, எதுவும் உறுதியில்லை' என்பது மீதிப் பாதியில் இருந்திருக்கிறது. எனக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? வகுப்பில் மூன்று மாதமாகத் தூக்கும் எடை ஒரு கிலோகூடக் கூடாத பரமேஸ்வரி அக்கா ஞாபகத்துக்கு வந்தார். பிடித்துவிட்டேன் காரணத்தை என்று துள்ளினேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு தாளை நீட்டினேன்.

"மாத்திரை எடுக்கறவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுங்க. நான் மட்டும்தான் பாப்பேன்."

"எதுக்கு மாஸ்டர்?" என்றார் பரமேஸ்வரி அக்கா.

"சும்மா சயின்ஸுக்குத்தான் லா, அக்கா."

பாவம், நம்பினார்கள். இரண்டு நட்சத்திரம் விழுந்தது. ஒன்று ரோஸ்லினுடையது.

நான் மட்டும் பார்ப்பேன் என்றவன் என்ன செய்தேன் தெரியுமா? மாடிப்படி ஏறியதும் எதிரே இருக்கும் வெள்ளைப்பலகையில் பெயர், தூக்கிய கிலோ, நட்சத்திரம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன். கீழே சிவப்பு மார்க்கரில் 'நட்சத்திரம் என்றால் கருத்தடை மாத்திரை' என்று விளக்கம் வேறு. அழிக்க மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன்.

அன்றைக்கு வகுப்பு முடிவதற்குள் ரோஸ்லினின் அப்பா அந்தோணி அங்கிள் கல்யாண அட்டையைக் காட்ட தாப்பா ஊரிலிருந்து வந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வழியில் ஒரு பலகையைக்கூடப் படிக்காமல் விடமாட்டார்.

"ரோஸ்லின் பேருல என்ன தம்பி நட்சத்திரம்?"

"அது... லீவு போடாம வந்தவங்களுக்கு, அங்கிள்."

சொல்லிக்கொண்டே சிவப்பு எழுத்தை முதுகால் மறைத்தேன்.

"கொஞ்சம் நகருங்க தம்பி."

நகர்ந்தேன். படித்தார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது அவருக்கு. "வர்ற ஞாயித்துக்கிழமை ஃபாதர் கேக்கட்டும். தடை சொல்ல நானே எந்திரிக்கிறேன்."

சத்தம் கேட்டு உள்ளே இருந்த ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

"அப்பா, அது மாச வலிக்கு டாக்டர் கொடுத்தது. அஞ்சு வருசமா அம்மாதான் வாங்கியாராங்க" என்றாள் ரோஸ்லின்.

"எனக்கு யாரும் சொல்லலயே?"

"நீங்க கேக்கலயே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க கேட்டீங்க. நம்பிச் சொன்னேன். அத ஊரே பாக்க எழுதி வச்சிருக்கீங்க. அப்பா எந்திரிக்க வேணாம். நானே எந்திரிக்கிறேன்."

அவள் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. வெட்கத்தில் செத்தேன்.

"சரி, ஆராய்ச்சியாவது உருப்படியா இருக்கா? யாரு அதிகமா தூக்கியிருக்கா, பாருங்க" என்றாள் ரோஸ்லின்.

அப்போதுதான் பார்த்தேன். ரோஸ்லின், எழுபது கிலோ, முதலிடம். அடுத்த நட்சத்திரம் இரண்டாமிடம். நட்சத்திரமே இல்லாத பரமேஸ்வரி அக்கா கடைசி.

"எனக்கு மாத்திரையும் இல்ல, ஒன்னும் இல்ல மாஸ்டர்" என்றார் அக்கா. "வாரத்துல ஒரு நாள்தான் வாரேன். அதுலயும் பாதி நேரம் கதை பேசுறேன்."

சட்டையாலேயே பலகையைத் துடைத்தேன். ஐந்து பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். நான்கு பேர் திட்டிவிட்டு மன்னித்தார்கள். ரோஸ்லின் திட்டவே இல்லை. அந்த வாரம் முழுக்க என் போனையும் எடுக்கவில்லை.

ஞாயிறு வந்தது. ஃபாதர் ஓலையை வாசித்து, "தடை ஏதும் உண்டா?" என்றார். அங்கிள் எழுந்தார். பக்கத்தில் ரோஸ்லினும் எழுந்தாள். என் உயிர் பாதி போய்விட்டது. அங்கிள் சாவகாசமாக நடந்துபோய் காற்றாடிச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு வழிவிட எழுந்தவளும் உட்கார்ந்தாள். இருவரும் பேசிவைத்துச் செய்த வேலை என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சாப்பிட்டு முடித்ததும், இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அந்தோணி அங்கிள் தன் மாத்திரையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடிப்பார்.

"மருமகனே, இது பிரஷருக்கு. நல்லா பெருசா எழுதிடுங்க லா."