பைகார்ப் டேங்க் பொங்கிய ஞாயிறு

"ஏங் கண்ணு, டேங்க் கழுவறதுக்கா மூணு வருசம் காலேசுக்குப் போன?"

டயாலிசிஸ் மையத்தில் எனக்கு வேலை கிடைத்த நான்காம் நாள் என் அத்தை இப்படிக் கேட்டார். அத்தைக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் எங்கே ஓட்டை என்று பார்த்துப் பார்த்தே இருபது வருடம் ஓடிவிட்டதால், மனிதர்களிடமும் முதலில் அதைத்தான் தேடுவார்.

நான் விடுவேனா? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தக்காளி வாங்கப் போனவள். அத்தையை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். சிறுநீரகம் ஓய்ந்தவர்களின் இரத்தத்தை இயந்திரம் கழுவித் தருகிறது. அதற்குத் தேவையான முக்கியமான சரக்கு பைகார்பனேட், அதாவது நம் சமையலறைச் சோடா உப்பின் சுத்தபத்தமான அக்கா. அந்தப் பொடியை ஆர்.ஓ தண்ணீரில் டேங்கில் கலக்கி, சுவரோரக் குழாய் வழியாக எட்டு இயந்திரங்களுக்கும் அனுப்புவோம். கிருமிகளுக்கு அந்தக் கரைசல் கல்யாண விருந்து மாதிரி. கொஞ்சம் அசந்தால் குடும்பத்தோடு வந்து குடியேறிவிடும். அதனால் வாரம் ஒரு முறை டேங்கையும் குழாயையும் ப்ளீச்சிங் திரவத்தால் கழுவ வேண்டும். மாதம் ஒரு முறை, குழாய்க்குள் படிகிற வெள்ளைக் காரையைக் கரைக்க அசிட்டிக் ஆசிட்டும் ஓட்ட வேண்டும்.

அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அப்ப டேங்க் கழுவறதுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

நான்கு மாதம் போனது. தண்ணீர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் வெளிநாட்டு வேலைக்குப் போனார். அறைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பொறுப்பு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தார். சிஸ்டருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் யோசிக்கும்போது நாங்கள் இருமக்கூட மாட்டோம். நானே போய் நின்று, இந்த மாத ஆசிட் கழுவலைத் தனியாகச் செய்கிறேன் என்றேன். சரி, செய், பார்க்கிறேன் என்றவர், கூடவே இன்னொன்றும் சொன்னார். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பழனிசாமி அண்ணன் வருகிறார். அதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

பழனிசாமி அண்ணன் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை அவருடைய முறை. ஆனால் அன்று அவர் கம்பெனியின் கன்டெய்னர் கிளம்புகிறது என்று, டயாலிசிஸுக்கு வராமல் ஷிப்மென்டைப் பார்க்கப் போய்விட்டார். (திருப்பூரில் கிட்னி காத்திருக்கும், கன்டெய்னர் காத்திருக்காது.) உடம்பில் தண்ணீர் சேர்ந்து கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. திங்கள் வரை தாங்காது. நான் சொதப்பினால் மூச்சு வாங்கப்போவது அவர்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சீனியரின் குறிப்புத் தாளை விரித்தேன். முதல் வரி: 'டேங்கை முழுவதும் காலி செய்யவும்.' டேங்கில் அறுபது லிட்டர் கரைசல் மீதி இருக்கும். அதை அப்பாவிடம் சொன்னது என் தவறு.

அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் இருபத்தாறு வருட அனுபவம். ப்ளீச்சிங்கும் அசிட்டிக் ஆசிட்டும் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்கும் பெயர்கள். அறுபது லிட்டர் ஆர்.ஓ தண்ணீரைச் சாக்கடையில் விடுவதா என்று அவருக்கு மனசே ஆறவில்லை. பட்டறையில் ஒரு சொம்புத் தண்ணீர் வீணானாலும் மேனேஜர் முகம் மாறிப்போகுமாம்.

"சாயத் தொட்டில சோடா இருந்தா நாங்க தண்ணிய எறக்க மாட்டம் கண்ணு. அதுலயே ஆசிட்ட உடுவோம். சோடாவும் செத்துரும், தண்ணியும் மிச்சம்."

எனக்கு அது கல்வெட்டில் செதுக்க வேண்டிய வாக்கியமாகத் தெரிந்தது. (படித்தது நான், கேட்டது அவரிடம்.)

ஞாயிறு காலை பதினொரு மணி. கண்ணாடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் மாட்டி ஒரு செல்ஃபி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'கிருமிநீக்கம் ஆரம்பம்' என்று போட்டேன். ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் விஷவாயு வரும் என்று வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் படு உஷார். டேங்க் ஓடாத நாளில் பைகார்பனேட்டைக் கையால் கலக்கும் கேன்களைப் பின்பக்கக் கழுவுமிடத்தில் ப்ளீச்சிங்கில் ஊறப்போட்டு, நடுவில் இரண்டு கதவைச் சாத்தி, ஆசிட்டின் நிழல்கூட அந்தப் பக்கம் விழாமல் பார்த்துக்கொண்டேன். பெரிய விபத்து ஒன்றைத் தடுத்த பெருமிதத்தோடு, அறுபது லிட்டர் சோடாக் கரைசலில் ஐந்து லிட்டர் ஆசிட்டை ஒரே மூச்சில் கவிழ்த்தேன்.

நானூறு கோலி சோடாவை ஒரே நேரத்தில் உடைத்தது போல ஒரு சத்தம். டேங்க் மூடி தானாக எழுந்து என்னைப் பார்த்தது. நான் பாய்ந்து அதை அமுக்கினேன். (அமுக்கினால் அடங்கும் என்று எந்தப் பாடத்தில் படித்தேனோ தெரியவில்லை.) மூடியின் நாலா பக்கமும் நுரை பீறிட்டது. ஏப்ரனுக்குள் போய்க் கை வழியாக வெளியே வந்தது. அறையில் ஊறுகாய் கம்பெனி வாசனை. தரையில் தண்ணீர் வடிகிற சின்ன ட்ரெயின் ஓட்டை கொஞ்ச நேரம் குடித்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்தது. வெள்ளம் கதவுக்கு அடியில் புகுந்து நடைக்குப் போய், சிஸ்டர் கழற்றிவைத்திருந்த செருப்புகளைத் தூக்கிக்கொண்டு கட்டில்கள் பக்கம் போனது.

சிஸ்டர் வெறுங்காலோடு ஓடிவந்தார். "ஏட்டி, என்னத்தட்டி ஊத்துன?"

"கிருமிநீக்கம், சிஸ்டர்" என்றேன்.

"யாருக்குட்டி?"

ஏப்ரன் கயிற்றைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். அறை முழுவதும் கரியமில வாயு நிறைந்திருக்கும் என்று எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, என்னை மூச்சை இழுத்து விடச் சொன்னார். பொங்கல் அடங்கியதும் அவரே போய் டேங்கின் அடிவால்வைத் திறந்தார். சீனியர் எழுதிய முதல் வரி அப்போதுதான் நிறைவேறியது.

அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அப்பா வந்தார். வாசலில் நின்று தரை, சுவர், நான் என்று வரிசையாகப் பார்த்தார். பதற்றமே இல்லை.

"கொஞ்சங் கொஞ்சமா உடோணும்னு சொல்லாம உட்டுப்போட்டன்" என்றார்.

சிஸ்டர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இரண்டு மூக்கும் ஒரே அச்சு. அப்பாவின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்.

தரை காய்வதற்குள் பழனிசாமி அண்ணன் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாகவே. வீக்கத்தில் செருப்பு நுழையாமல் ஒரு காலில் மட்டும் போட்டிருந்தார். "ஏனுங் அம்மிணி... எங்க கம்பெனில கூட... இத்தன வாஷிங் பண்ண மாட்டாங்களே" என்றார். நல்ல நகைச்சுவைதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவர் மூச்சுக்கு நின்றார்.

ஆசிட்டைக் கழுவி, ப்ளீச்சிங் ஓட்டி, அதையும் கழுவி டேங்க் தயாராகச் சாயங்காலம் ஆகிவிடும். ஒரே வழி, ஊறிக்கொண்டிருந்த கேன்களில் ஒன்றைச் சுத்தமாக அலசி, அதில் கையால் பைகார்ப் கலந்து அவருக்கு மட்டும் கொடுப்பது. ஆனால் கேனில் துளி ப்ளீச்சிங் மிஞ்சினாலும் அது இரத்த அணுக்களை உடைத்துவிடும். அதற்கென்று சின்னக் காகிதப் பட்டை இருக்கிறது. அலசிய தண்ணீரில் முக்கினால், மிச்சம் இருந்தால் ஊதாவாக மாறும்.

ஆறு முறை அலசினேன். அப்பா கேனை வாங்கி மூக்கருகே வைத்தார். பட்டறையில் அவர் மூக்கு சொன்னால் துணி அடுத்த கட்டத்துக்குப் போகும்.

"வாசமே இல்ல கண்ணு. கலக்கு."

பட்டையை முக்கினேன். வெளிர் ஊதா. இன்னும் இருக்கிறது என்றேன். எனக்குத் தெரியாத ப்ளீச்சிங்கா என்று அவருக்குக் கோபம். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கட்டிலில் பழனிசாமி அண்ணன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். சிஸ்டர் என் முகத்தையே பார்க்கிறார். காலையில் தாளை விட்டுவிட்டு அப்பா பேச்சைக் கேட்டவள் நான். பட்டையை ஒரு தரம் பார்த்தேன்.

"இல்லப்பா, கலக்க மாட்டேன்" என்றேன். அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. மறுபடி அலச ஆரம்பித்தேன்.

அப்பா, நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்பது போலப் பின்பக்கம் போனார். கேன்கள் ஊறிய ப்ளீச்சிங் தொட்டியின் மேலேயே குனிந்து, நன்றாக இழுத்து முகர்ந்தார்.

"இதுலயும் ஒண்ணுமில்லயே" என்றார்.

ப்ளீச்சிங் நெடியில் எங்கள் எல்லோருக்கும் கண் எரிந்துகொண்டிருந்தது. அப்பா எங்களைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார். "அப்ப என்ற மூக்கு எப்பவோ ரிட்டையர்டு ஆயிப்போச்சாட்ட இருக்குது." கட்டிலில் இருந்து பழனிசாமி அண்ணனும் இருமலும் சிரிப்புமாக ஏதோ சொன்னார்.

பத்தாவது அலசலில் பட்டை வெறும் காகிதமாக வெளுப்பாக வந்தது. சிஸ்டரையும் பார்க்கச் சொன்னேன். அளந்து கலந்தேன், இயந்திரமும் அளவு சரி என்று காட்டியது. மூன்று மணிக்கு அண்ணனின் இரத்தம் இயந்திரத்துக்குள் ஓட ஆரம்பித்தது. முடியும்போது அவருக்கு இரண்டு கால்களிலும் செருப்பு நுழைந்தது.

டேங்கை முடித்து, நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதி, வேலையே போய்விடும் என்று நினைத்துத்தான் திங்கட்கிழமை போனேன். சிஸ்டர் தண்ணீர் அறைச் சாவியை நீட்டினார். எதற்கு என்று முழித்தேன்.

"பொங்க வச்சதுக்கு இல்லட்டி. பத்து தடவ அலசுனதுக்கு."

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. எலுமிச்சை ஜூஸுக்கு யாராவது சோடா உடைத்தால், அப்பா நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்து, "ட்ரெயின் தொறந்தாச்சுங்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட இந்தக் கதை பலகாரத்தோடு பரிமாறப்பட்டது. (சிரித்தார்கள். அப்புறம் போன் வரவில்லை. நல்லதுதான்.)

தாராபுரத்தில் எங்கள் மையத்தின் புதிய கிளை கட்டுகிறார்கள். தண்ணீர் அறையை முதலிலிருந்து அமைக்க ஆள் வேண்டும் என்றதும், வீட்டில்கூடக் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன். போன வாரம் போய்க் கட்டட வரைபடத்தைப் பார்த்தேன். ட்ரெயின் குழாய் இரண்டு இஞ்ச் என்று போட்டிருந்தது. அதை அடித்துவிட்டு நான்கு என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.