ராகிக் களத்தில் சண்டை விமானம்

பாகலூர்,
தை மாதம், 1951

ராயக்கோட்டையில் இருக்கும் என் மைத்துனர் திம்மராயன் அவர்கள் சமூகத்துக்கு, கங்கப்பன் கைகூப்பி எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அது பொய். உங்கள் தங்கை செல்வம்மாள் மூன்று நாளாகத் தலைவாரவில்லை.

பங்குனியில் உங்கள் மகள் காவேரியை என் மகன் ராஜப்பனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தோமே, அதை நிறுத்திவிடுங்கள் மச்சான். பையனுக்குப் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் படம் வரைகிற உத்தியோகம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்தான். அங்கே வரைந்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் வரைகிறான். என்னடா இது என்றால், "சண்டை விமானம்பா" என்கிறான், ஏதோ புதுக் கலப்பை என்கிற மாதிரி. உலகமே விசிறியில்லாத ஜெட்டுக்குப் போய்விட்டதாமே, உன் படத்தில் மட்டும் ஏன்டா மூக்கில் சுற்றுகிற விசிறி என்று கேட்டேன். "ஜெட்டு எண்ணெயக் குடம் குடமாக் குடிக்கும்பா, இறங்க மைல் கணக்குல சிமெண்டு ரோடு வேணும். இன்னைக்கு இருக்கிற லேசான தகடு, இன்னைக்கு இருக்கிற இன்ஜின், இதெல்லாம் போட்டு விசிறி விமானத்தையே புதுசா செஞ்சா, நம்ம ராகிக் கொல்லையிலயே இறங்கும்" என்றான். நம்ம கொல்லையில் எதுக்குடா சண்டை விமானம் இறங்கணும்? அவன் அடுத்த கோடு போடக் குனிந்துவிட்டான்.

இறக்கை இன்னும் தாளில்தான் இருக்கிறது. ஆனால் மூக்கும், உட்காருகிற கூடும், யுத்தத்தில் கழித்துப்போட்ட ஒரு லாரி இன்ஜினும், தேக்கில் இழைத்த ஆள் உயர விசிறியும் சேர்த்துக் களத்து ஓரப் புங்க மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டான். இந்த நேரம் பார்த்து எட்டு நாளாகக் காற்றே இல்லை, அடித்த ராகி தூற்ற வழியில்லாமல் குவிந்து கிடக்கிறது. பக்கத்துக் களத்து நாகம்மா சும்மா இருந்தாளா? "ஏம்பா ராஜப்பா, உன் விசிறிய ஒரு சுத்து சுத்தேன்" என்றாள். நானும் சேர்ந்துதான் சொன்னேன், மறைப்பானேன். குவியல் மேல் சாணிப் பிள்ளையார் வைத்து, அருகம்புல் செருகி, கற்பூரம் காட்டி, "பொலி பொலி" என்று எல்லோரும் குரல் கொடுத்தோம். அவன் இன்ஜினை முடுக்கினான்.

ஐயோ மச்சான்! பதர் பறக்கும் என்று பார்த்தால் குவியலே எழுந்து போய்விட்டது! என் ராகி, நாகம்மா ராகி, முறம், என் தலைப்பாகை, பிள்ளையார் எல்லாம் வேலி தாண்டி மைசூர் ராஜ்யத்தில் போய் விழுந்தன. வருஷத்துச் சோறு! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் களத்து வேலிதான் இரண்டு ராஜ்யத்துக்கும் எல்லை. உத்தரவுச் சீட்டில்லாமல் ஒரு படி தானியம் அந்தப் பக்கம் போகக் கூடாது. அரை மணியில் எல்லைச் சாவடிச் சேவகர் வந்து நின்றார்.

"யாருய்யா ராகிய அந்தப் பக்கம் கடத்துனது?"

"யாரும் கடத்தலைங்க, அதுவாப் போச்சுங்க."

"எந்த வண்டியில?"

"காத்துலங்க."

மனுஷன் நோட்டில் "காற்று" என்றே எழுதிக்கொண்டு, அதற்கு நம்பர் உண்டா என்று வேறு கேட்டார்! இனி அது மைசூர் தானியமாம், திரும்பக் கொண்டுவரவும் சீட்டு வேண்டுமாம். இவனோ தலையெல்லாம் பதரோடு, "பாத்தீங்களாப்பா, என்னா இழுப்பு!" என்று பல்லைக் காட்டுகிறான்.

இவனுக்குக் காவேரியைக் கொடுத்தால், அவள் போடுகிற சோறு தட்டில் தங்குமா? தரையில் நடக்கிற மாப்பிள்ளையாகப் பாருங்கள். அந்தப் பெண் என் வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டேன். ஆனாலும் நிறுத்திவிடுங்கள்.

அங்குள்ள பெரியவர்கள் பாதத்துக்கு எங்கள் வணக்கமும், சிறுசுகளுக்கு ஆசியும் சேரட்டும். காவேரி எங்கே வாழ்ந்தாலும் நிறைவாக வாழட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன கங்கப்பன்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பினேன். "ஒரே ஒரு தடவ உள்ள உக்காந்து பாருங்கப்பா" என்றான். திட்டிக்கொண்டேதான் ஏறினேன். விசிறி சுற்றியதும் சங்கிலி விறைத்து, கூடு முன்னால் துள்ளியது மச்சான்! "இன்னும் வேகமாடா!" என்று கத்தியது நான்தான் என்று செல்வம்மாள் சாதிக்கிறாள். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். பங்குனிவரை எதற்கு, மாசியிலேயே முகூர்த்தம் வையுங்கள். சண்டை விமானத்தில் ஒரே ஆள்தான் உட்கார முடியுமாம். கட்டிக்கிட்டு வர்றவ எங்கடா உக்காருவா என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டாவது இருக்கைக்குக் கோடு போட்டுவிட்டான். மூன்றாவதும் போடச் சொல்லியிருக்கிறேன், எனக்கு.