தாலாட்டுக்கு ஒரு முத்திரை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு இசையமைப்பாளர் இருந்தார். அவருக்கு வாய்த்தது ஒரே ஒரு படம். பாட்டன் காலத்துப் பூதக்கதையைப் புதுமைப்படுத்தியிருந்தார்கள். அதாவது, குகையில் கிடந்த பூதம் இப்போது பன்னிரண்டாவது மாடியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தது. மொத்தம் ஒன்பது பாட்டு. எட்டில் பூதம் ஆடும். ஒன்பதாவது தாலாட்டு, நாயகி பாட, பூதம் தூங்க, அவள் தம்பியை மீட்டுக்கொண்டு ஓட வேண்டும். எட்டுப் பாட்டையும் ஒரே வாரத்தில் தட்டிவிட்டவர், இந்தத் தாலாட்டுக்கு மட்டும் எட்டு மாதம் உயிரை விட்டிருந்தார்.

பழங்கதைப் படமென்றால் பாட்டுக்கு இசை அனுமதி அதிகாரியின் முத்திரை வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அந்த இடத்திலும் பூதம் ஆடிவிடும் என்று தயாரிப்பாளர் அன்போடு சொல்லியிருந்தார்.

இசையமைப்பாளர் ஒலிப்பதிவை நீட்டினார். அதிகாரி தொடவில்லை.

"இது நகல். அசல் எங்கே?"

"பாட்டுக்கு அசல்னா... நான்தான் சார்."

"அப்ப நீங்க வாங்க."

"வந்துதானே சார் நிக்கிறேன்?"

"ஆர்மோனியத்தோட."

திங்கட்கிழமை ஆர்மோனியத்தோடு வந்து பாடினார். முதல் சரணம் முடிவதற்குள் அதிகாரியின் தலை மேசையில் சாய்ந்தது. தலைமை எழுத்தர் சுருதி சுத்தமாகக் குறட்டை விட்டார். எழுந்ததும் கோப்பில் எழுதினார்கள்: 'குழு கண்மூடி ஆழ்ந்து பரிசீலித்தது.'

"பிடிச்சிருந்துச்சா சார்?"

"அருமை. எப்படி முடியுது?"

"சார்?"

"முழுசாக் கேட்டேன்னு நான் கையெழுத்துப் போடணும். முழுசா எங்க கேட்டேன்? நாளைக்கு வாங்க."

செவ்வாயும் புதனும் இதே ஆழ்ந்த பரிசீலனை. வியாழக்கிழமை மேளக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, வரிக்கு வரி தட்டச் சொன்னார். அதிகாரி கண்கொட்டாமல் கேட்டார்.

"முழுசாக் கேட்டாச்சு. நிராகரிக்கிறோம்."

"ஏன் சார்?"

"தூக்கமே வரலையே. இது எப்படித் தாலாட்டு?"

வெள்ளிக்கிழமை வேறு வழியின்றிப் பழையபடியே பாடினார். அலுவலகம் அடங்கியது. வரிசையில் நின்றவர்கள் மட்டும் தூங்கவில்லை. தூங்கினால் இடம் போய்விடும். அந்த அதிகாரிக்கு வீட்டு வரைபடம், குழாய் இணைப்பு, பிறப்புச் சான்று எல்லாம் கூடுதல் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை.

மூன்று வருடமாக வரைபடத்தோடு நடந்துகொண்டிருந்த தச்சர் மெல்ல எட்டி, அதிகாரியின் விரலிடுக்கிலிருந்து முத்திரையை உருவினார். தன் வரைபடத்தில் தானே குத்திக்கொண்டார். அடுத்தவர் கை நீட்டினார். மூன்று வருடம் அசையாத வரிசை மூன்று நிமிடத்தில் பாதியாகிவிட்டது.

"நிறுத்திடாதீங்க தம்பி," என்றார் தச்சர். "நிறுத்தினா எழுந்துடுவாங்க."

இசையமைப்பாளரின் ஒரு கை துருத்தியில், ஒரு கை கட்டைகளில். மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. விண்ணப்பமோ எட்டாத தூரத்தில், மேசைமேல். ஆகவே தாலாட்டின் ராகத்திலேயே கெஞ்சினார்.

"அண்ணே... என் காயிதத்துலயும்... ஒண்ணு குத்துங்கண்ணே..."

"இதோ," என்று சொல்லிவிட்டு, தன் இரண்டாவது வரைபடத்திலும் குத்திக்கொண்டு தச்சர் கிளம்பினார்.

குழாய் இணைப்புக்காகச் சொந்த மச்சினனே வரிசையில் நின்றிருந்தான்.

"மாப்ளே... நீயாவது..."

"சுருதி விலகுது மாமா. பாட்டைப் பாருங்க," என்று குத்திக்கொண்டு அவனும் போனான்.

கடைசியாக ஓர் ஆசிரியை. தன் சான்றிதழில் குத்தி, மை காய ஊதினார். பிறகு இசையமைப்பாளரின் விண்ணப்பத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு வரி விடாமல் படித்தார். இசையமைப்பாளருக்குக் கண் கலங்கியது.

"ரொம்ப நல்ல பாட்டு தம்பி. இது இல்லாம அந்தப் படமே இல்ல."

"குத்துங்கம்மா... ஒரே ஒரு குத்து..."

"குத்திட்டா திங்கட்கிழமை நீங்க வரமாட்டீங்களே. எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்குத்தான் முறை."

முத்திரையை அதிகாரியின் விரலிடுக்கில் பதமாகச் செருகிவிட்டு, யாரும் எழுந்துவிடாதபடி கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு போனார்.