அட்டையில் இருந்த கால்

குழந்தையின் கால்ரேகை ஆஸ்பத்திரி அட்டையோடு ஒத்துப்போகவில்லை. அப்பா மறுபடியும் மை தடவி, தாளில் ஒற்றியெடுத்து, லென்ஸை வைத்துப் பார்த்தார். மகளின் பாதத்தில் ரேகைகள் மயிரிழையாக, நேராக ஓடின. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு அட்டையில் பதிந்திருந்த காலில் அவை தடிப்பாகச் சரிந்து ஓடின.

போலீஸ் கைரேகைப் பிரிவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். திருடனின் முகம் மறந்தாலும் அவன் கட்டைவிரல் மறக்காது. கருவில் உருவாகும் ரேகை கடைசிவரை மாறாது என்று கோர்ட்டில் கூண்டேறி முழங்குகிறவர். பல வருடம் காத்திருந்து பெற்ற மகளின் ரேகையை ஆசையாகப் பார்க்கப் போனவர் இப்போது லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என்னங்க, குழந்தை கால் ஏன் கரிச்சட்டி மாதிரி இருக்கு?" மனைவி வந்து நின்றாள்.

"சும்மா, ஞாபகத்துக்கு ஒத்தி எடுத்தேன்."

"அதான் ஆஸ்பத்திரியில எடுத்துக் குடுத்தாங்களே?"

பூதக்கண்ணாடிக்கு மனைவியிடம் பொய் நிலைக்காது. "அது வேற குழந்தை கால்."

"என் மூக்கு, உங்க காது. அப்படியே உரிச்சு வச்சிருக்கா. வேற குழந்தையாம்!"

"மூக்கும் காதும் கோர்ட்டுல நிக்காது. ரேகைதான் நிக்கும்."

"அப்ப கோர்ட்டையே வந்து பால் குடுக்கச் சொல்லுங்க!" என்றாள். ஆனாலும் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள்.

சும்மா இருந்திருக்கலாம் பூதக்கண்ணாடி. பக்கத்துக் கட்டிலில் அதே நாளில் பெண் பெற்ற பேக்கரிக்காரர் மனைவியின் நினைவு வந்தது. மைப்பெட்டியும் கையுமாக அங்கே போய், ஆபீஸில் ஏதோ ஆராய்ச்சி என்று பூசி மெழுகி, அந்தக் குழந்தையின் காலையும் கறுப்பாக்கினார். அதுவும் அவரிடமிருந்த அட்டையோடு ஒத்துப்போகவில்லை.

"உங்க அட்டையைக் காட்டுங்க."

அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு அட்டையிலும் ஒரே கால்.

"என்ன சார், ஏதாவது தப்பா?" என்றார் பேக்கரிக்காரர்.

"அட்டையில இருக்கறது உங்க குழந்தையும் இல்ல, என் குழந்தையும் இல்ல. மூணாவதா ஒண்ணு."

"அப்ப இது யாரு பிள்ள?" என்று பேக்கரிக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் மூன்றாவது குழந்தையை யாரோ கடத்திவிட்டார்கள் என்றார். தெருமுனைக்குப் போவதற்குள் அந்த 'யாரோ' ஒரு கடத்தல் கும்பலாகிவிட்டது.

இரண்டு குடும்பமும் ஒரே ஆட்டோவில் அடைந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. வழியில் கறுத்த காலை உதறியபடி மகள் பூதக்கண்ணாடியின் விரலைப் பற்றிக்கொண்டாள். எந்த ரேகை என்ன சொன்னாலும் இவளைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். உத்தியோகத்துக்கே துரோகம்தான். போகட்டும்.

பிரசவ வார்டு நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க மாறவே இல்ல சார். பிறந்த உடனே அம்மா கண்ணு முன்னாடி கையில பேர் எழுதின பட்டை கட்டினோம். வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மாதான் அதை வெட்டினாங்க. ஏம்மா, ஆமாதானே?"

"ஆமா, நான்தான் வெட்டினேன். பேரைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் வெட்டினேன்," என்றாள் மனைவி. "என்னை யாரு கேட்டா? காலைத்தான் கேட்டுட்டு இருந்தாரு!"

"நானும்தான்," என்றாள் பேக்கரிக்காரர் மனைவி.

பூதக்கண்ணாடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார். பேக்கரிக்காரர் அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். அம்மாக்கள் இருவரும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் தொழில் புத்தி லேசில் விடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டைகளை நீட்டினார். "சரிம்மா, அப்ப இந்தக் கால் யாருது?"

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு அவருடைய மைப்பெட்டியை இழுத்து, வலது கையை முஷ்டியாக மடக்கி, அதன் ஓரத்தை மையில் அழுத்தி ஒரு தாளில் ஒற்றினார். மேலே விரல்நுனியால் ஐந்து புள்ளி வைத்ததும், அட்டையில் இருந்த அதே குட்டிப் பாதம்.

"வெளியில சொல்லிடாதீங்க சார், உதைக்கிற காலைப் பிடிச்சு யாரால ஒத்த முடியும்? நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இங்க பிறந்த அத்தனை பிள்ளைக்கும் என் கைதான் கால்!"